அத்தியாயம் 6: விளக்கு சிமிட்டினால் முதலில் கேளுங்கள் – கமடோர் 1541 டிரைவின் விநோதங்கள்

பழைய கமடோர் 64 கணினியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பலரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த டிரைவ் ஏன் இப்படிக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது? உடைந்துவிட்டதா?" பெரும்பாலும் உடைந்திருக்காது. ஆனால் கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தால், அநேகமாக இப்போது உடைந்திருக்கும்.

இந்த அத்தியாயம் 1541 என்ற ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவைப் பற்றியது. 1982-ல் கமடோர் 64 விற்பனைக்கு வந்தபோது கணினியின் விலை 595 டாலர். இந்த டிரைவின் விலை 399 டாலர். துணைக்கருவிக்கு ஏன் அவ்வளவு விலை என்றால், அது துணைக்கருவியே அல்ல, இன்னொரு கணினி. உள்ளே அதற்கென்று தனியாக ஒரு 6502 பிராசசர், 2 கே நினைவகம், 16 கே ரோம் எல்லாம் இருக்கின்றன. "இந்தக் கோப்பைக் கொடு" என்று கமடோர் 64 கேட்பதோடு சரி. தேடுவது, படிப்பது, சரியாகப் படித்தோமா என்று சோதிப்பது, முடியாவிட்டால் மறுபடி முயல்வது எல்லாம் டிரைவின் பொறுப்பு.

கோட்பாடு இவ்வளவு போதும். நமக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: என்ன கோளாறு என்று டிரைவுக்கே ஓரளவு தெரியும், கேட்டால் சொல்லும். கேட்காமல் திறப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

கை வைக்கும் முன்

1. டிரைவின் பின்புற லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற டிரைவ் 120 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அடுத்த பக்கத்தைப் படிக்கவேண்டிய தேவையே இருக்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

2. பழைய 1541-ன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மூடியைக் கழற்றினால் பின்பக்க ஃபியூஸ், சுவிட்ச் இரண்டிலும் வீட்டு மின்சாரம் அப்படியே ஓடும். எனவே சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, வயரையே பிளக்கிலிருந்து உருவிவிட்டுத் திறங்கள். பின்னர் வந்த 1541-ன் இரண்டாம் வடிவத்துக்கு மின்சப்ளை வெளியே தனிப் பெட்டியாக இருப்பதால் உள்ளே அந்த ஆபத்து கிடையாது.

3. டிரைவையும் கணினியையும் இணைக்கும் ஆறு முள் கேபிளை, இரண்டும் அணைந்திருக்கும்போது மட்டுமே செருகவோ எடுக்கவோ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கணினிப் பக்கத்து 6526 சிப்போ டிரைவுப் பக்கத்துச் சிப்போ போய்விடலாம். 6526 இன்று எளிதில் கிடைப்பதில்லை.

4. டிரைவை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் உள்ளே ஃபிளாப்பி இருக்கக் கூடாது. அந்தக் கணத்தில், ஃபிளாப்பியைப் படித்து எழுதும் ஹெட்டில் பாயும் வழிதவறிய மின்துடிப்பு, ஃபிளாப்பியின் மேல் கண்டதை எழுதிவிடும்.

எது இயல்பு, எது விநோதம்

நல்ல டிரைவ் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் கெட்ட டிரைவை அடையாளம் காண முடியாது. ஃபிளாப்பி போடாமல் டிரைவை ஆன் செய்யுங்கள். பச்சை விளக்கு எரியும். கூடவே சிவப்பும் எரியும், மோட்டார் ஒரு விநாடி போல உறுமும், பிறகு மோட்டார் நின்று சிவப்பு அணையும். பச்சை மட்டும் எரிந்துகொண்டிருந்தால் டிரைவ் தன் சுயபரிசோதனையில் தேறிவிட்டது என்று பொருள். (இரண்டாம் வடிவத்தில் விளக்குகளின் நிறம் இடம் மாறியிருக்கும். சிவப்பு எரிகிறதே என்று பதற வேண்டாம்.)

அடுத்து கணினியை ஆன் செய்யுங்கள். அந்த நொடியில் டிரைவின் மோட்டார் மறுபடி ஒருமுறை உறுமி அடங்க வேண்டும். கணினி தரும் ரீசெட் கேபிள் வழியாக டிரைவுக்கும் போவதால் இப்படி நடக்கிறது. உறுமல் கேட்கவில்லை என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது, ஆனாலும் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

வேறு சில விஷயங்களும் பார்க்க விநோதமாகத் தெரியும், ஆனால் கோளாறு அல்ல. கோப்பு ஏறி முடிந்த பிறகும் மோட்டார் சில விநாடி சுற்றும். ஃபார்மட் கட்டளை கொடுத்ததும் ஒரு பெரிய கடகட கேட்கும். ஃபார்மட் முடிய ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும். வேகமும் மகா மந்தம்: விநாடிக்கு 300, 400 பைட்தான் வரும். கமடோர் 64-ன் திரைச் சிப் அவ்வப்போது பிராசசரை நிறுத்திவைப்பதால், 1541-க்கு முந்தைய 1540 டிரைவின் வேகத்துக்குக் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் 1541-ஐ இன்னும் மெதுவாக்கித்தான் வெளியிட்டார்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று டிரைவைத் திறக்காதீர்கள்.

சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா? கேளுங்கள்

கோப்பைக் கேட்டீர்கள், திரையில் பிழை வந்தது, சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. டிரைவிடம் ஒரு செய்தி இருக்கிறது, யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அது கூப்பிடுகிறது. 15-ம் எண் வழித்தடம் வழியாக அதை வாங்க வேண்டும்.

கீழே கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஏ, பி, சி, டி ஆகியவை அந்தந்த ஒற்றை எழுத்துகள்.

10 ஓப்பன் 15,8,15
20 இன்புட்#15,ஏ,பி$,சி,டி
30 பிரிண்ட் ஏ;பி$;சி;டி
40 குளோஸ் 15

பிறகு ரன் என்று தட்டி ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். ஓர் எண், ஒரு சொற்றொடர், மேலும் இரண்டு எண்கள் வரும். முதல் எண் என்ன கோளாறு என்று சொல்லும், கடைசி இரண்டும் எந்த டிராக் (ஃபிளாப்பியின் வட்டப் பாதை), எந்த செக்டார் (அந்தப் பாதையின் ஒரு துண்டு) என்று சொல்லும். செய்தியை வாங்கியதும் சிமிட்டல் தானாக நின்றுவிடும்.

*வழக்கமான தவறுகள்:* இன்புட் வரியை வரி எண் இல்லாமல் நேரடியாகத் தட்டினால் கணினி ஏற்காது, நிரலாகத்தான் எழுத வேண்டும். இன்புட் என்ற சொல்லுக்கும் # குறிக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. நினைவகத்தில் நீங்கள் எழுதிச் சேமிக்காத நிரல் இருந்தால் 10, 20 என்று தட்டி அதன் வரிகளை அழித்துவிடாதீர்கள். 60000, 60010 என்று எண் கொடுத்து, ரன் 60000 என்று ஓட்டுங்கள். இன்னொன்று: ஃபிளாப்பியின் கோப்புப் பட்டியலை $ குறி கொடுத்து ஏற்றினாலும் நினைவகத்தில் இருக்கும் நிரல் போய்விடும். என் முதல் நிரலை நான் இழந்தது அப்படித்தான்.

இனி எண்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், அடிக்கடி வருபவை சிலதான்.

73 வந்தால் சந்தோஷப்படுங்கள். அது பிழையல்ல. ஆன் செய்தவுடன் கேட்டால் டிரைவ் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லும் வணக்கம் அது. 73 திரையில் வந்துவிட்டால் டிரைவின் பிராசசர், ரோம், நினைவகம், கேபிள் எல்லாம் வேலை செய்கின்றன. இனி மின்னணுப் பலகையை இப்போதைக்கு விட்டுவிட்டு ஹெட், மோட்டார், ஃபிளாப்பி மூன்றையும் முதலில் பாருங்கள். பாதி வேலை குறைந்தது.

74 என்றால் டிரைவ் தயாராக இல்லை. பெரும்பாலும் ஃபிளாப்பியே போட்டிருக்க மாட்டோம், அல்லது கதவை மூடியிருக்க மாட்டோம். சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் நடக்கும்.

62, 63, 72 மூன்றும் டிரைவின் குற்றமல்ல: கோப்பு இல்லை, அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, இடம் நிரம்பிவிட்டது. 26 என்றால் ஃபிளாப்பியின் ஓரப் பள்ளம் ஒட்டி மூடப்பட்டிருக்கிறது, எழுத முடியாது.

கவனம் செலுத்த வேண்டியவை 20 முதல் 29 வரை உள்ளவை. 21 வந்தால் ஹெட்டுக்கு எதுவுமே கேட்கவில்லை என்று பொருள்: ஃபார்மட் செய்யாத ஃபிளாப்பி, ரொம்ப அழுக்கான ஹெட், அல்லது இடம் நகர்ந்த ஹெட். 20, 27 வந்தால் செக்டாரின் தலைப்பையே டிரைவால் சரியாகப் படிக்க முடியவில்லை. 23 வந்தால் தலைப்பு கிடைத்தது, உள்ளே இருக்கும் தரவின் கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை. 25 வந்தால் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது வேறாக இருந்தது. 29 பெரும்பாலும் ஃபிளாப்பியை மாற்றியதை டிரைவ் கவனிக்காததால் வருவது.

*குறிப்பு:* ஒருமுறை வந்த எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே ஃபிளாப்பியில் ஐந்து முறை, பிறகு வேறு வேறு இடத்திலிருந்து வந்த மூன்று ஃபிளாப்பிகளில் என்று முயன்று, எண்ணையும் டிராக்கையும் தாளில் குறியுங்கள். எப்போதும் அதே டிராக், அதே செக்டார் என்றால் குற்றவாளி ஃபிளாப்பி. ஃபிளாப்பி எதுவானாலும் பிழை, டிராக்கும் ஒவ்வொரு முறையும் வேறு என்றால் குற்றவாளி டிரைவ்.

"டிவைஸ் நாட் பிரசென்ட்" வந்தால்

டிரைவ் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. வரிசையாகப் பாருங்கள்:

1. பச்சை விளக்கு எரிகிறதா?
2. கேபிள் இரு முனையிலும் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? இரண்டையும் அணைத்துவிட்டு உருவிப் பார்த்து, முள் ஏதும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
3. டிரைவின் எண் 8-தானா? பழைய உரிமையாளர் இரண்டு டிரைவ் வைத்திருந்தால், ஒன்றின் பலகையில் இணைப்பை அறுத்து 9 என்று மாற்றியிருப்பார். கட்டளையில் 8-க்குப் பதில் 9, 10, 11 போட்டுப் பாருங்கள்.
4. அதே கேபிள் தொடரில் பிரின்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். அணைந்து கிடக்கும் பிரின்டர் ஒன்று மொத்தத் தொடரையும் மௌனமாக்கிவிடும்.
5. கார்ட்ரிட்ஜ் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பிழைச் செய்தி வராமல் "சர்ச்சிங்" என்ற சொல்லோடு திரை உறைந்து நின்றால் கதை வேறு. டிரைவ் இருக்கிறது என்று கணினிக்குத் தெரியும், ஆனால் கம்பி ஒன்றை யாரோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். வேறு கேபிள், வேறு டிரைவ் அல்லது வேறு கணினி கடன் வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் குறுக்கு வழி.

கடகட சத்தம்

இந்த டிரைவின் புகழுக்கே காரணம் இந்தச் சத்தம்தான். ஹெட் இப்போது எந்த டிராக்கின் மேல் நிற்கிறது என்று பழைய 1541-க்கு நேரடியாகத் தெரியாது. ஓரத்துக்கு வந்துவிட்டோம் என்று சொல்லும் உணர்கருவியை விலை குறைக்க வைக்காமலே விட்டுவிட்டார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் அது செய்வது, இருட்டில் சுவரைத் தேடுபவன் செய்வதைத்தான்: வெளி ஓரத்தை நோக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட டிராக் தொலைவு ஹெட்டைத் தள்ளிக்கொண்டே போகும். ஃபிளாப்பியில் இருப்பதே 35 டிராக். எங்கிருந்து தள்ளினாலும் தடுப்பில் போய் முட்டி நிற்கும். முட்டிய பிறகும் மீதித் தள்ளல்கள் தொடர்வதால்தான் அந்தக் கடகட. முட்டிய இடம்தான் டிராக் 1 என்று வைத்துக்கொண்டு டிரைவ் புதிதாக எண்ணத் தொடங்கும்.

ஃபார்மட் செய்யும்போதும் படிக்க முடியாத செக்டாரைச் சந்திக்கும்போதும் இது நடக்கும். எண்பதுகளில் நகல் எடுப்பதைத் தடுக்கப் பல விளையாட்டு நிறுவனங்கள் ஃபிளாப்பியில் வேண்டுமென்றே பிழையான செக்டார்களை வைத்தன. அந்த ஃபிளாப்பிகளை ஏற்றும்போதெல்லாம் டிரைவ் முட்டிக்கொள்ளும். அது வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்த சத்தமே. ஆனால் நாள்பட முட்டிக்கொண்டே இருந்தால் ஒரு விளைவு உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? முன்பு சத்தமில்லாமல் ஏறிய நல்ல ஃபிளாப்பிகளும் இப்போது கடகடத்துவிட்டு ஏறினால். "கடகட" அல்லாமல் "கீச்" என்று கேட்டால் கவலைப்படுவதோடு நிற்காதீர்கள், உடனே கதவைத் திறந்து ஃபிளாப்பியை வெளியே எடுங்கள். ஹெட் எதன் மேலோ உராய்கிறது.

ஃபிளாப்பியைப் பார், ஹெட்டைத் துடை

நாற்பது வருடமாகப் பரணில் கிடந்த ஃபிளாப்பியை அப்படியே டிரைவில் போடுவது, தெருவில் கிடந்த கரண்டியை வாயில் வைப்பது மாதிரி. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடு வளையத்தை விரலால் மெல்லச் சுற்றி, நீள்துளை வழியே தெரியும் பரப்பைப் பாருங்கள். சாம்பல் புள்ளிகளோ பனி படர்ந்த மாதிரி திட்டோ தெரிந்தால் பூஞ்சை. அப்படிப்பட்ட ஒரு ஃபிளாப்பி ஹெட்டை அழுக்காக்கும். அந்த ஹெட் அடுத்து வரும் பத்து நல்ல ஃபிளாப்பிகளைக் கீறும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1541-க்கு ஒரே ஹெட்தான், அது கீழே இருக்கிறது. மேலே இருப்பது ஃபிளாப்பியை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு. அந்தக் காலத்தில் காசை மிச்சப்படுத்த ஓரத்தில் இன்னொரு பள்ளம் வெட்டி, ஃபிளாப்பியைத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் எழுதுவார்கள். அப்படிச் செய்த ஃபிளாப்பியின் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது மறுபக்கம் அந்தக் கம்பளியில் தேய்கிறது.

ஹெட்டைத் துடைக்கும் முறை. டேப் ரிக்கார்டர் ஹெட் துடைத்தவர்களுக்கு இது பழகிய வேலை:

1. பிளக்கை உருவுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள்.
2. டிரைவைக் கவிழ்த்து நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி, நிமிர்த்தி, மேல் மூடியை எடுங்கள். உள்ளே பலகையை மூடியிருக்கும் உலோகத் தகட்டையும் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று செல்ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.
3. மின்னணுப் பலகை மேலே இருக்கும், இயந்திரப் பகுதி அதற்குக் கீழே. பலகையில் செருகியிருக்கும் வயர் இணைப்புகளின் திசையைப் படமெடுத்த பிறகே கழற்றுங்கள்.
4. மேல் கையை ஒரு விரலால் சற்றே உயர்த்துங்கள். சற்றே என்றால் ஃபிளாப்பி போகும் அளவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதைத் தாங்கும் ஸ்பிரிங்கை வளைத்துவிட்டால் கம்பளியின் அழுத்தம் போய்விடும், பிறகு எல்லா ஃபிளாப்பியும் 23 சொல்லும்.
5. 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸ் ஒன்றை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, ஹெட்டின் பளபளப்பான முகத்தைத் துடையுங்கள். பட்ஸில் பழுப்பு நிறம் ஏறும். நிறம் ஏறாத பட்ஸ் வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள்.
6. கம்பளித் துண்டில் ஆல்கஹால் படக் கூடாது. அது இடத்தில் இருக்கிறதா, கல்லாக இறுகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.
7. ஹெட் நகரும் இரண்டு கம்பிகளையும் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனை அளவு தடவி, ஹெட்டைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். துருவெடுக்கும் ஸ்ப்ரேயை டிரைவுக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள்.
8. பெல்ட் தளர்ந்து, பளபளத்து, விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள்.

என் கணக்கில், 73 சொல்லிவிட்டு ஆனால் படிக்க மறுக்கும் டிரைவுகளில் பெரும்பாலானவை இந்த எட்டுப் படிகளோடு எழுந்து நின்றுவிடும். துடைத்த பிறகும் எந்த ஃபிளாப்பியானாலும் 21-தான் என்றால் ஹெட்டின் காயில் அறுந்திருக்கலாம். கதவில் திருகும் நெம்புகோல் உள்ள நியூட்ரானிக்ஸ் இயந்திரத்தில் இது அறியப்பட்ட நோய். அதற்கு மருந்து கிடையாது, இயந்திரப் பகுதியையே மாற்ற வேண்டும். கீழே அழுத்தி மூடும் கதவு கொண்ட ஆல்ப்ஸ் இயந்திரம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன்.

வேகம்

தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்ற வேண்டும், அதாவது ஒரு சுற்றுக்கு 200 மில்லி விநாடி. இயந்திரத்தின் அடிச்சக்கரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் இரண்டு வளையமாக அச்சிட்டிருக்கும், ஒன்று 50 ஹெர்ட்ஸுக்கு, மற்றது 60 ஹெர்ட்ஸுக்கு. நம் ஊரில் 50 வளையத்தைப் பார்க்க வேண்டும். சோக் வைத்த பழைய ட்யூப் லைட்டின் கீழே சக்கரம் சுற்றும்போது கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. ஊர்ந்து நகர்ந்தால் மோட்டார் பலகையில் உள்ள சிறு திருகியை முடி அளவு திருப்பிச் சரிசெய்யலாம். எல்.இ.டி. பல்ப்பின் கீழே இந்த வித்தை பலிக்காமல் போகலாம்.

ஆனால் இதற்காக மூடியில்லாத டிரைவை மின்சாரத்தோடு ஓட்ட வேண்டியிருக்கிறது. பழக்கம் இல்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கட்சி. டிரைவின் வேகத்தை அளந்து திரையில் காட்டும் நிரல்கள் இருக்கின்றன. மூடியைக் கழற்றாமலே அவற்றை ஓட்டிப் பாருங்கள். 300-க்கு ஓரிரண்டு கூடக் குறைய இருந்தால் கை வைக்காதீர்கள்.

காலையில் நலம், மாலையில் காய்ச்சல்

ஆன் செய்த அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு பிழை சொல்லத் தொடங்கினால் சூடுதான் காரணம். டிரான்ஸ்ஃபார்மரும் மின்னழுத்தச் சீராக்கிகளும் அதே பெட்டிக்குள் வேகின்றன. டிரைவின் மேல் புத்தகம், இன்னொரு டிரைவ், காபி டம்ளர் எதையும் வைக்காதீர்கள். கால்களுக்கு அடியில் நான்கு ரப்பர் துண்டு வைத்து உயர்த்தி, பின்பக்கம் சிறிய மின்விசிறி ஒன்று வையுங்கள். அணைத்து ஆறவிட்டதும் மறுபடி நன்றாக ஓடுகிறதென்றால் நோய் உறுதி.

சிவப்பு அணையவே இல்லை, மோட்டாரும் நிற்கவில்லை

ஆன் செய்ததிலிருந்து சிவப்பும் மோட்டாரும் ஓயாமல் ஓடினால் டிரைவின் பிராசசர் தன் நிரலைத் தொடங்கவே இல்லை. ரோம், நினைவகம், 6522 சிப்கள், பிராசசர், அல்லது 5 வோல்ட் சப்ளை, இவற்றில் ஒன்று போயிருக்கிறது. சிவப்பு சில முறை சிமிட்டி, இடைவெளி விட்டு, அதே எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் சிமிட்டினால் சுயபரிசோதனையில் ரோமோ நினைவகமோ தோற்றிருக்கிறது. விளக்கு எரிந்தும் மோட்டார் அசையவே இல்லையென்றால் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு 7805, 12 வோல்ட்டுக்கு 7812 என்ற சீராக்கிகள் இருக்கின்றன. சாலிடரிங்கில் கை பழகியவர்கள் மட்டும் மல்டிமீட்டரோடு இறங்குங்கள். மற்றவர்கள் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோங்கள். 7805 என்றால் அவருக்கு விளக்கவே வேண்டாம்.

டிரைவ் நிரபராதி

ஒரு மாதம் முழுக்க என் டிரைவை நான் திட்டியிருக்கிறேன். வேறு மேஜைக்கு எடுத்துப்போய்த் திறந்து பார்த்தால் அழகாக ஓடும். மூடி, பழைய இடத்தில் வைத்தால் மறுபடி 23. மூன்று முறை ஹெட் துடைத்து, ஒரு பெல்ட் மாற்றிய பிறகுதான் உறைத்தது: பழைய இடம் என்பது படக்குழாய் டிவியின் பக்கவாட்டில், கை தொடும் தூரம். டிவியின் காந்தப்புலமும் இரைச்சலும் ஹெட்டின் மெல்லிய சமிக்ஞையில் கலந்துகொண்டிருந்தன. இரண்டடி தள்ளி வைத்தேன். அன்றோடு சரி.

இன்னும் சில பொய்க் குற்றச்சாட்டுகள்:

1.2 எம்.பி. ஃபிளாப்பி பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதன் காந்தப் பூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிவாதமானது. 1541-ன் ஹெட் அதில் அழுத்தமாக எழுதாது. இன்று படிக்கும், சில வாரத்தில் மறந்துவிடும். இந்த டிரைவுக்கு டபுள் டென்சிட்டி ஃபிளாப்பி மட்டுமே.

கோப்புப் பட்டியலில் கோப்பு வகைக்குப் பக்கத்தில் * குறி தெரிந்தால் அந்தக் கோப்பு சரியாக மூடப்படவில்லை. அதை ஸ்க்ராட்ச் கட்டளையால் அழிக்கக் கூடாது, அழித்தால் மற்றக் கோப்புகளின் இடத்தையும் சேர்த்துக் குழப்பிவிடும். வேலிடேட் கட்டளைதான் சரியான வழி. ஆனால் ஜியாஸ் இயங்குதளத்தின் ஃபிளாப்பிகளில் வேலிடேட் செய்தால் தரவு போய்விடும், அங்கே மட்டும் வேண்டாம்.

பெயருக்கு முன்னால் @ போட்டுப் பழைய கோப்பின் மேலேயே சேமிக்கும் வசதியில் டிரைவின் ரோமிலேயே பிழை இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை வேறு கோப்பின் துண்டைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். புதுப் பெயரில் சேமித்து, பழையதைப் பிறகு அழியுங்கள்.

கடைசி வழி: ஹெட்டின் இடம்

முட்டி முட்டி என்ன ஆகும் என்றேனே, அது இதுதான். ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டில் உலோகச் சக்கரம் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆயிரக்கணக்கான முட்டல்களுக்கும் சூட்டுக்கும் பிறகு அது தண்டின் மேல் மயிரிழை வழுக்கிவிடும். அன்றிலிருந்து டிரைவ் டிராக்கின் நடுவை விட்டு ஓரத்தில் நடக்கும்.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: டிரைவ் தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும், கடையில் வாங்கிய அசல் ஃபிளாப்பிகளில் தடுமாறும், அது எழுதியதை நண்பரின் டிரைவ் படிக்காது. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டுமே ஹெட் நகர்ந்திருக்கிறது என்று நம்புங்கள். ஒன்று குறைந்தாலும் திரும்பப் போய் ஹெட்டைத் துடையுங்கள்.

செய்தே தீர வேண்டும் என்றால்: பிளக்கை உருவிவிட்டு, ஸ்டெப்பர் மோட்டாருக்கும் சட்டத்துக்கும் குறுக்கே கூரிய பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மோட்டாரை அந்தக் கோட்டின் தடிமன் அளவுக்கு ஒரு பக்கம் திருப்பி, இறுக்கி, மூடி, பழைய அசல் ஃபிளாப்பி ஒன்றை மாதிரியாக வைத்துப் படித்துப் பாருங்கள். டிராக் 1, 18, 35 மூன்றிலும் பிழை குறைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடினால் மறுபக்கம் திருப்புங்கள். ஒரு மாலைப் பொழுது முழுக்கப் பிடிக்கும் வேலை, அவசரப்பட்டால் இரண்டு மாலை.

ஸ்க்ரூவைத் தொடும் முன் ஒரு வேலையை மறக்காமல் முடித்துவிடுங்கள். ஹெட் சரியான இடத்துக்கு வந்ததும், அது தவறான இடத்தில் இருந்தபோது எழுதிய ஃபிளாப்பிகளை இதே டிரைவால் படிக்க முடியாமல் போகலாம். அவற்றைப் படிக்கக்கூடிய ஒரே டிரைவ் இப்போது உங்கள் மேஜையில் கோணலாக இருக்கிறது. எனவே அது கோணலாக இருக்கும்போதே, அதில் எழுதிய ஃபிளாப்பிகள் அத்தனையையும் நல்ல டிரைவ் ஒன்றைக் கூடவே இணைத்து அதற்கு நகல் எடுத்துவிடுங்கள்.